"அந்த வயசு இன்னும் ஆகலையே": சீக்கிரமே வரும் பெரிமெனோபாஸும், டாக்டரைக் கேட்க வைப்பதும்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்னதையும் எடுத்துட்டு, படிக்க வசதியா கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கோம்.)

இன்னைக்கு பெரிமெனோபாஸ் பத்திப் பேசப் போறோம். மாதவிடாய் முழுசா நிக்கிறதுக்கு முன்னாடி வர்ற சில வருஷங்கள். அதுவும் முப்பதுகளோட கடைசியில, நாற்பதோட ஆரம்பத்துல வந்தா என்ன ஆகும், டாக்டர்கிட்ட போனா ஏன் "உங்களுக்கு அந்த வயசு இல்லம்மா"ன்னு திருப்பி அனுப்புறாங்க, அதை எப்படிச் சமாளிக்கிறது. இதுதான் இன்னைக்கு விஷயம்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. சாஃப்ட்வேர் இன்ஜினியர். எங்க சொந்த ஊர் மொரப்பூர். எங்க சின்னம்மாவுக்கு 41 வயசுல இந்தப் பிரச்சினை வந்தப்போ கூடவே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது நான்தான். அப்போ தேடிப் படிச்ச வழிகாட்டுதல்களும் டாக்டர்கள் விளக்கினதும்தான் இந்த எபிசோட். சின்னம்மாகிட்ட கேட்டுட்டுதான் பேசறேன். "பேர் மட்டும் வேணாம் பாப்பா, மத்ததைச் சொல்லு"ன்னாங்க.

முதல்ல வார்த்தைகள்

"மெனோபாஸ்"ங்கிறதை நாம ஒரு காலகட்டம் மாதிரிப் பேசறோம். மருத்துவத்துல அது ஒரு நாள்தான். கடைசி மாதவிடாய் வந்து, அதுக்கப்புறம் 12 மாசம் வேற காரணம் எதுவும் இல்லாம வராம இருந்தா, அந்தக் கடைசி மாதவிடாய்தான் மெனோபாஸ். அதனால அது நடந்ததுன்னு ஒரு வருஷம் கழிச்சுதான் தெரியும்.

அதுக்கு முன்னாடி சில வருஷம் உடம்பு தடுமாறுது இல்லையா, அதுதான் பெரிமெனோபாஸ். சராசரியா நாலு வருஷம்னு சொல்றாங்க. சிலருக்கு சில மாசத்துல முடியும், சிலருக்கு எட்டு, பத்து வருஷம்கூட இழுக்கும்.

40-லிருந்து 45-க்குள்ள மெனோபாஸ் வந்தா 'சீக்கிர மெனோபாஸ்'. 40-க்கு முன்னாடியே சினைப்பை வேலையைக் குறைச்சுக்கிட்டா அதுக்கு வேற பேர்: 'முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு'. இது ரெண்டையும் தனித்தனியா ஞாபகம் வெச்சுக்கணும். ஏன்னா ரெண்டாவது இருந்தா டெஸ்டும் வேற, சிகிச்சையோட அவசரமும் வேற.

இப்ப ஒரு கணக்கு. மேலைநாட்டுப் புத்தகங்கள்ல மெனோபாஸ் சராசரி வயசு 51. இந்தியன் மெனோபாஸ் சொசைட்டி நாடு முழுக்க எடுத்து 2016-ல வெளியிட்ட சர்வேயில இந்தியப் பெண்களோட சராசரி 46.2 வயசு. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் முன்னாடி. 46-லிருந்து நாலு வருஷம் கழிங்க. 42. அதாவது நம்ம ஊர்ல 42 வயசுல பெரிமெனோபாஸ் ஆரம்பிக்கிறது அதிசயமே இல்ல. அதுதான் நடு. 39, 40-ல ஆரம்பிக்கிறவங்களும் நிறையப் பேர் இருப்பாங்க. அப்புறம் ஏன் 41 வயசுப் பெண்ணைப் பார்த்து "சின்ன வயசு"ன்னு சொல்றோம்? 51-ங்கிற நம்பர் மனசுல இருக்கறதால.

பெங்களூருவில இருக்கிற ஐசெக், அதாவது சமூகப் பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம், தேசிய குடும்ப நல சர்வே தகவலை வெச்சுப் பார்த்தப்போ, 35-லிருந்து 39 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல சுமார் 8 சதவீதம் பேருக்கு மாதவிடாய் நின்னிருந்ததுன்னு சொன்னாங்க. இது பழைய தகவல், சர்வேயில அவங்கவங்க சொன்னதை வெச்சு எடுத்தது. இருந்தாலும் "இந்த வயசுல யாருக்கும் வராது"ங்கிற பேச்சுக்கு அது ஒண்ணே போதும்.

உள்ள என்ன நடக்குது

சினைப்பையில முட்டைகள் பிறக்கும்போதே இருக்கிற எண்ணிக்கைதான். புதுசா உருவாகாது. வயசாக ஆகக் குறையும். குறையக் குறைய மூளையிலிருந்து எஃப்.எஸ்.எச். ஹார்மோன் "வேலை செய், வேலை செய்"னு அதிகமாத் தட்டும். சினைப்பை சில மாசம் பதில் சொல்லும், சில மாசம் சொல்லாது, சில மாசம் தேவைக்கு மேல பதில் சொல்லும். அதனால ஈஸ்ட்ரோஜன் நேர்கோட்டுல இறங்கறதில்ல. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.

தொந்தரவுக்கு பாதிக் காரணம் இந்த ஏற்ற இறக்கம்தான். மாதவிடாய் 24 நாள்ல ஒரு தடவை, 38 நாள்ல ஒரு தடவைன்னு வரும். சிலருக்கு ரத்தப்போக்கு கொட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஜாக்கெட் நனையற அளவுக்கு வேர்க்கும். திடீர்னு முகம், கழுத்து, மார்பெல்லாம் தீ மாதிரி ஏறி அஞ்சு நிமிஷத்துல அடங்கும். தூக்கம் போகும். படபடப்பு வரும், மூட்டு வலிக்கும், பேர் மறந்து போகும், சின்ன விஷயத்துக்கு அழுகையோ கோவமோ வரும். பிறப்புறுப்பு வறண்டு எரியும், சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும்.

2011-ல மருத்துவ நிபுணர்கள் கூடி இந்தக் கட்டங்களை வரையறுத்தாங்க. அதுல ஆரம்பக் கட்டத்துக்கு ஒரு தெளிவான அடையாளம் இருக்கு: அடுத்தடுத்த ரெண்டு சுழற்சிக்கு நடுவுல 7 நாளோ அதுக்கு மேலோ வித்தியாசம் வந்து, அது திரும்பத் திரும்ப நடக்கணும். 60 நாளோ அதுக்கு மேலோ வராம இருக்க ஆரம்பிச்சா அது கடைசிக் கட்டம். இந்த 7-ஐயும் 60-ஐயும் குறிச்சு வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ஏன் யாருக்கும் காதுல விழறதில்ல

டாக்டர்களை மட்டும் குறை சொல்றது சுலபம். ஆனா அதுக்கு முன்னாடியே நம்ம வீட்டுலயே இதுக்கு விடை சொல்லி முடிச்சிடறாங்க. உடம்பெல்லாம் எரியுதுன்னா "சூட்டு உடம்பு, எண்ணெய் தேய்ச்சுக் குளி". படபடப்புன்னா "பித்தம்". தூக்கம் இல்லைன்னா "பொண்ணு கல்யாணக் கவலை". தர்மபுரி மாவட்டத்துல மூட்டு வலின்னா உடனே தண்ணியைச் சொல்வாங்க. அதுல நியாயமும் இருக்கு. நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகமா இருக்கிற மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தோட முழுப் பேர்லயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைக்கிறதும் சேர்ந்திருக்கு. ஆனா மூட்டு வலிக்குத் தண்ணி ஒரு காரணம்னா, 41 வயசுல மாதவிடாயும் தாறுமாறா வர்ற பெண்ணுக்கு வேற காரணமும் இருக்கலாம்னு யாராவது யோசிக்கணும் இல்லையா?

அடுத்தது, ஒவ்வொரு தொந்தரவும் தனித்தனி டாக்டர்கிட்ட போகுது. படபடப்புக்கு இ.சி.ஜி. எடுப்பாங்க, நார்மல்னு வரும். மூட்டுக்கு வலி மாத்திரை. தூக்கத்துக்குத் தூக்க மாத்திரை. எல்லாரும் அவங்கவங்க பகுதியைச் சரியாத்தான் பார்க்கறாங்க. எல்லாத்தையும் ஒரே தாள்ல வெச்சுப் பார்க்க ஆள் இல்ல. எங்க வேலையில இதை தினமும் பார்க்கலாம். நாலு டீமும் "எங்க பக்கம் ஒண்ணும் இல்ல"ம்பாங்க, சிஸ்டம் மட்டும் விழுந்துக்கிட்டே இருக்கும்.

சின்னம்மா கதையும் இதேதான். வீட்டுலயே ஜாக்கெட் தைக்கிறவங்க. முதல் டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். ரெண்டாவது இடத்துல "டென்ஷன், வயசு இன்னும் ஆகலை"ன்னாங்க. மூணாவது ஒரு தனியார் மருத்துவமனை. ரத்தப்போக்கு அதிகம்னு சொன்னதும் ஒரு ஸ்கேன், அடுத்த நிமிஷமே, "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, குடும்பக் கட்டுப்பாடும் பண்ணியாச்சு, இனிமே எதுக்கு கர்ப்பப்பை? எடுத்துடலாம். அடுத்த வாரம் அட்மிட் ஆகுங்க." பேச்சு மொத்தம் நாலு நிமிஷம் இருந்திருக்கும். ரத்தம் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னுகூட பார்க்கலை.

"எடுத்துடலாம்"னு சொன்னா

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாப் போவோம், ஏன்னா பெரிய நஷ்டம் வர்றது இங்கதான்.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய நிலைமைகள் நிஜமாவே உண்டு. புற்றுநோய், வேற எதுக்கும் அடங்காத ரத்தப்போக்கு, பெரிய கட்டிகள். அப்போ அந்த ஆபரேஷன் உயிரைக் காப்பாத்தும். நான் அதை எதிர்க்கலை. ஆனா நாடு முழுக்க தேவை இல்லாமலும் இது நடந்திருக்கு. 2019-ல மகாராஷ்டிராவுல பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் விஷயம் வெளிய வந்தது. வேலை நாள் வீணாகக் கூடாதுன்னு இளம் வயசுலயே கர்ப்பப்பை எடுத்துக்கிட்ட பெண்கள் அங்க ஏராளம். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான்ல நடந்த தேவையற்ற ஆபரேஷன்களைப் பத்தி டாக்டர் நரேந்திர குப்தா போட்ட பொதுநல வழக்குல, 2023 ஏப்ரல் 5 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு: மத்திய சுகாதார அமைச்சகத்தோட வழிகாட்டுதலை எல்லா மாநிலமும் மூணு மாசத்துக்குள்ள ஏத்துக்கணும்னு.

தேசிய குடும்ப நல சர்வே 2019–21 படி, 15-லிருந்து 49 வயசுப் பெண்கள்ல சுமார் 3 சதவீதம் பேருக்கு கர்ப்பப்பை எடுத்தாச்சு. நம்ம பக்கத்து மாநிலமான ஆந்திராவுலயும், தெலங்கானாவுலயும் அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல.

"சினைப்பையை விட்டுட்டுத்தான் எடுக்கறோம், ஹார்மோனுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்வாங்க. முழுசா சரி இல்ல. சினைப்பையை விட்டுட்டு கர்ப்பப்பையை மட்டும் எடுத்த பெண்களை நாலு வருஷத்துக்கு மேல தொடர்ந்து பார்த்த ஒரு அமெரிக்க ஆய்வு 2011-ல வந்தது. அவங்களுக்கு சினைப்பை சீக்கிரம் நின்னுபோற வாய்ப்பு, எடுக்காதவங்களைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சினைப்பையையும் சேர்த்து எடுத்தா, மெனோபாஸ் அன்னைக்கே வந்துடும். ஏற்ற இறக்கம் எல்லாம் கிடையாது, ஒரே இறக்கம். அப்புறம் மாதவிடாயும் இருக்காது, அதனால உடம்புல எந்தக் கட்டம் நடக்குதுன்னு பார்க்கிற அடையாளமும் போயிடும்.

அதனால யாராவது "எடுத்துடலாம்"னு சொன்னா, பொறுமையா இந்த அஞ்சைக் கேளுங்க:

ஒண்ணு, என்ன நோய்னு எடுக்கறீங்க? பேர் எழுதிக் கொடுங்க.
ரெண்டு, எடுக்காம வேற என்ன வழி இருக்கு? மாத்திரையா, ஹார்மோன் சுரக்கிற காப்பர்-டி மாதிரியான சாதனமா?
மூணு, பயாப்ஸி தேவையா? எடுத்தாச்சா?
நாலு, சினைப்பையை விடுவீங்களா, எடுப்பீங்களா? ஏன்?
அஞ்சு, ரெண்டு மாசம் தள்ளிப் போட்டா என்ன ஆபத்து?

அஞ்சாவது கேள்விக்கு வர்ற பதில்தான் ரொம்ப முக்கியம். நிஜமான அவசரம்னா டாக்டர் உடனே காரணம் சொல்வார். அவசரம் இல்லைன்னா இன்னொரு டாக்டரைப் பார்க்க நேரம் இருக்குன்னு அர்த்தம்.

டெஸ்ட்: ஒரு நாள் ரத்தம் என்ன சொல்லும்?

நிறையப் பேர் "எஃப்.எஸ்.எச். பார்த்தோம், நார்மல், அதனால இது பெரிமெனோபாஸ் இல்ல"ன்னு திரும்பி வர்றாங்க. இன்ஜினியரா எனக்கு இது உடனே புரிஞ்ச விஷயம். சர்வர் அப்பப்போ தடுமாறுதுன்னு புகார் வருது. நீங்க மதியம் மூணு மணிக்கு ஒரே ஒரு தடவை பார்த்துட்டு "நல்லாத்தானே ஓடுது"ன்னு சொன்னா ஒத்துக்குவோமா? ஏறி இறங்கற ஹார்மோனை ஒரு நாள் காலையில அளந்தா, அந்த நாள் காலையில என்ன இருந்ததோ அதுதான் தெரியும்.

பிரிட்டனோட நைஸ் வழிகாட்டுதல் இதைத் தெளிவாப் பிரிக்குது. 45 வயசுக்கு மேல, அறிகுறியும் மாதவிடாய் மாற்றமும் இருந்தா, எஃப்.எஸ்.எச். டெஸ்டே வேண்டாம், அறிகுறியை வெச்சே முடிவு பண்ணலாம். 40-லிருந்து 45-க்குள்ள அறிகுறி இருந்தா, டெஸ்ட் எடுக்கலாமான்னு யோசிக்கலாம். 40-க்குக் கீழ சந்தேகம் இருந்தா கட்டாயம் பார்க்கணும், நாலுலிருந்து ஆறு வாரம் இடைவெளியில ரெண்டு தடவை. கருத்தடை ஹார்மோன் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இந்த டெஸ்ட் குழப்பும், அதை டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லணும்.

அப்போ எந்த டெஸ்ட் பிரயோஜனம்? பெரிமெனோபாஸ் மாதிரியே வேஷம் போடற மத்த நோய்களைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்.

தைராய்டுக்கு டி.எஸ்.எச். படபடப்பு, வேர்வை, மாதவிடாய் மாற்றம், மறதி எல்லாம் தைராய்டாலயும் வரும். ஹீமோகுளோபின் கட்டாயம். தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு அதே 2019–21 சர்வே சொல்லுது. ரத்தம் கொட்டற பெண்ணுக்கு அசதியும் படபடப்பும் இருந்தா முதல்ல இதைத்தான் பார்க்கணும். சர்க்கரை பார்க்கலாம். மாதவிடாய் தள்ளிப்போனா கர்ப்ப டெஸ்ட், சிரிக்காதீங்க, பெரிமெனோபாஸ்ல கர்ப்பம் ஆகலாம். குடும்பக் கட்டுப்பாடு பண்ணாதவங்க, கடைசி மாதவிடாய் 50 வயசுக்குள்ள நின்னா ரெண்டு வருஷமும், 50-க்கு மேல நின்னா ஒரு வருஷமும் கருத்தடையைத் தொடரணும்னு சொல்றாங்க. ரத்தப்போக்கு அதிகம்னா வயித்து ஸ்கேன், தேவைப்பட்டா பயாப்ஸி.

இடையில ஒரு சந்தேகத்தையும் தீர்த்துடலாம். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணதால சீக்கிரம் நின்னுடுச்சு"ன்னு ஊர்ல சொல்வாங்க. அந்த ஆபரேஷன்ல குழாயைத்தான் அடைக்கிறாங்க. சினைப்பையைத் தொடறதில்ல.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி

நல்ல புகார்னா என்ன? "ஆப் சரியா வேலை செய்யலை"ன்னு சொன்னா யாராலயும் எதுவும் பண்ண முடியாது. எப்போ, எத்தனை தடவை, அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு இருந்தா பாதி வேலை முடிஞ்சது. உடம்புக்கும் அதேதான்.

மூணு மாசம் குறிச்சு வையுங்க. ஃபோன்ல ஆப் இருக்கு, ஆனா தேவையே இல்ல. சின்னம்மா சுவத்துல மாட்டின ராணிமுத்து காலண்டர்லயே குறிச்சாங்க. ரத்தப்போக்கு வந்த நாளுக்கு ஒரு புள்ளி, பக்கத்துல எத்தனை பேட் மாத்தினோம்னு நம்பர். ராத்திரி வேர்த்து எழுந்தா "வே". தூக்கம் போனா "தூ". கோவமோ அழுகையோ அடங்காத நாளுக்கு "ம". அவ்வளவுதான். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா 23 நாள், 36 நாள், 27 நாள்னு சுழற்சி. ஏழு நாளுக்கு மேல வித்தியாசம், ரெண்டு தடவை. முன்னாடி சொன்ன அந்த 7, ஞாபகம் இருக்கா? அது சுவத்துலயே எழுதியிருந்தது.

அப்புறம், ஒரு தாள்ல பத்து வரிக்குள்ள சுருக்கம். வயசு, எத்தனை பிரசவம், என்னென்ன ஆபரேஷன், சாப்பிடற மாத்திரை, கடைசி மூணு மாதவிடாய்த் தேதி, முக்கியமான மூணு தொந்தரவு, அம்மாவுக்கு எந்த வயசுல நின்னது, வீட்டுல யாருக்காவது மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, மாரடைப்பு உண்டா. பழைய ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு பிளாஸ்டிக் கவர்ல.

ரூமுக்குள்ள போனதும் முதல் வாக்கியம் ரொம்ப முக்கியம். "உடம்புக்கு முடியலை டாக்டரம்மா"ன்னு ஆரம்பிச்சா அவங்க ரத்த அழுத்தம் பார்ப்பாங்க. அதுக்குப் பதிலா இப்படிச் சொல்லிப் பாருங்க:

"டாக்டரம்மா, எனக்கு 41 வயசு. அஞ்சு மாசமா மாதவிடாய் முன்னப்பின்ன வருது, தேதி எழுதிக் கொண்டாந்திருக்கேன். வாரத்துல நாலு ராத்திரி வேர்த்து எழுந்துக்கிறேன். தையல் வேலை பார்க்க முடியலை. இது பெரிமெனோபாஸா இருக்குமா, வேற ஏதாவதான்னு பார்க்கணும்."

இதுல நாலு விஷயம் இருக்கு: வயசு, மாதவிடாய் மாற்றம், எண்ணிக்கையோட ஒரு தொந்தரவு, அதனால வாழ்க்கையில என்ன நின்னு போச்சுங்கிறது. அந்த நாலாவதை நம்ம பெண்கள் சொல்லவே மாட்டாங்க. "சமாளிச்சுக்கிறேன்"னுதான் சொல்வாங்க. சமாளிக்கிறேன்னு சொன்னா டாக்டர் நம்பிடுவார்.

"வயசு ஆகலை"ன்னு பதில் வந்தா சண்டை வேண்டாம். "சரிங்க டாக்டர். அப்போ இதுக்கு வேற என்ன காரணமா இருக்கும்? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" இந்தக் கேள்விக்கு "டென்ஷன்"ங்கிறது போதுமான பதில் இல்ல. அடுத்தது, "பெரிமெனோபாஸ் இல்லைன்னு நினைக்கிறதை சீட்டுல எழுதிக் கொடுக்க முடியுமா, வேற டாக்டர் பார்த்தா உதவும்." மரியாதையாத்தான் கேக்கறோம். எழுதணும்னு வந்தா யாரும் ஒரு தடவை கூடுதலா யோசிப்பாங்க.

கூட ஒரு ஆள் போங்க. குறிச்சுக்கிறதுக்கு. சின்னம்மா வெட்கப்பட்டு விட்டதை நான் தாளைப் பார்த்துச் சொன்னேன். ஆனா நானே எல்லாத்தையும் பேசிடலை. டாக்டர் நோயாளி வாயால கேட்கணும்.

மொரப்பூர்லிருந்து தர்மபுரி போக பஸ்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவு இருக்கு. ஓ.பி.க்குக் காலையிலயே போகணும், ஒரு நாள் வேலை போகும். ஒரு நாள் போறதால, எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்கற மாதிரித் தயாராப் போங்க. எங்க போறது, யாரைப் பார்க்கிறதுன்னு தெரியலைன்னா 104 எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேக்கலாம்.

சிகிச்சை

எல்லாருக்கும் மருந்து வேணும்னு இல்ல. இது இயல்பான மாற்றம்தான். ஆனா "இயல்பு"ங்கிறதுக்கு "தாங்கிக்கோ"ன்னு அர்த்தம் இல்ல. பிரசவமும் இயல்புதான், அதுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம்னா சொல்றோம்?

உடம்பு எரிச்சலுக்கும் ராத்திரி வேர்வைக்கும் நல்லா வேலை செய்யறது ஹார்மோன் சிகிச்சை. கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்கக் கூடாது, கூடவே புரொஜெஸ்டோஜனும் வேணும். இல்லைன்னா கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிச்சுப் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, ரத்தக்கட்டு வந்தவங்க, கடுமையான கல்லீரல் நோய் இருக்கிறவங்க, காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கிறவங்களுக்கு இது பொதுவா வேண்டாம்.

"ஹார்மோன்னா கேன்சர்"ங்கிற பயம் 2002-லிருந்து வந்தது. அமெரிக்காவுல நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வுல ஒரு பகுதியைப் பாதியில நிறுத்தினாங்க. மார்பகப் புற்றுநோய், ஆண்டுக்கு 10,000 பெண்களுக்கு 8 பேர் கூடுதல். அந்த ஆய்வுல இருந்த பெண்களோட சராசரி வயசு 63. அந்த எண்ணை 41 வயசுப் பெண்ணுக்கு அப்படியே மாட்ட முடியாது. அதைவிட முக்கியம், 40-க்கு முன்னாடி நின்னுபோனவங்களுக்குக் கணக்கே தலைகீழ். சிகிச்சை எடுக்காம விட்டா எலும்புத் தேய்மானமும் இதய நோயும் வர்ற ஆபத்து கூடுது. அதனால இயல்பா நிக்கிற சராசரி வயசு வரைக்குமாவது ஹார்மோன் எடுத்துக்கணும்னு வழிகாட்டுதல்கள் சொல்லுது, தடை ஏதும் இல்லைன்னா.

ஹார்மோன் எடுக்க முடியாதவங்களுக்கு மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் குறைஞ்ச அளவுல எரிச்சலைக் குறைக்கும். அந்த மாத்திரை எழுதினா "என்னைப் பைத்தியம்னு நினைக்கிறாங்க"ன்னு பயப்பட வேண்டாம், எதுக்குன்னு கேளுங்க. வறட்சிக்கு உள்ள வைக்கிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கு. ரத்தப்போக்குக்கு வர்ற நாள்ல மட்டும் சாப்பிடற மாத்திரைகள் இருக்கு.

வீட்டுல செய்யறது: பருத்தித் துணி, படுக்கைப் பக்கத்துல தண்ணி, மாத்து ஜாக்கெட். காபி, டீயை மதியத்தோட நிறுத்திப் பாருங்க. எலும்புக்கு நம்ம ஊர்ச் சாப்பாடே பெரிய உதவி. 100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. களியைக் கைவிட்டுட்டு மூணு வேளையும் வெள்ளைச் சோத்துக்குப் போனவங்க திரும்பி வரலாம். எள்ளுருண்டை, மோர், காலை வெயில்ல நடை. கொஞ்சம் எடை தூக்கற வேலையும் எலும்புக்கு நல்லதுதான். ஆனா களி சாப்பிட்டா ராத்திரி வேர்வை நிக்கும்னு நான் சொல்லலை. அது வேற, இது வேற.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு

சித்தப்பா ஆரம்பத்துல சொன்னது, "எதைச் சொன்னாலும் எரிஞ்சு விழறா." டாக்டர் விளக்கினதுக்கப்புறம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "நான் என்ன பண்ணணும்?" டாக்டர் சொன்ன பதில் சுலபம்: ராத்திரி தூங்காத ஆளைக் காலையில அஞ்சு மணிக்கு எழுப்பாதீங்க. இப்ப காலை டீ அவர்தான் போடறார். டீ சுமார்தான்னு சின்னம்மா சொல்றாங்க.

இதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனையற ரத்தப்போக்கு, பெரிய கட்டியா வர்றது, தலைசுத்தி விழறது: அன்னைக்கே ஆஸ்பத்திரி. ரெண்டு மாதவிடாய்க்கு நடுவுல அல்லது உறவுக்கு அப்புறம் ரத்தம், மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் ஆனதுக்கப்புறம் ஒரு சொட்டு ரத்தம்னாலும், "வயசாகறதால"ன்னு விடக் கூடாது. மார்பு வலி, மூச்சு வாங்கறது இருந்தா பெரிமெனோபாஸ்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது. உயிரோட இருக்கப் பிடிக்கலைங்கிற எண்ணம் வந்தா 14416, டெலி-மனாஸ், தமிழ்லயே பேசலாம்.

சின்னம்மா நாலாவதா பார்த்த டாக்டரம்மா காலண்டரை வாங்கி மேஜைமேல விரிச்சு வெச்சுப் பார்த்தாங்க. ஹீமோகுளோபின் 8.4. தைராய்டு நார்மல். பயாப்ஸியில பயப்பட ஒண்ணும் இல்ல. இரும்புச்சத்து மாத்திரை, கர்ப்பப்பைக்குள்ள ஹார்மோன் சாதனம், கொஞ்ச நாள் கழிச்சு ஈஸ்ட்ரோஜன் ஜெல். கர்ப்பப்பை அதோட இடத்துலயே இருக்கு. எல்லாம் சரியாயிடலை. இன்னும் வாரத்துல ஒரு ராத்திரி எழுந்துக்கிறாங்க. ஆனா ஆடி மாசம் நின்ன தையல் மெஷின் தீபாவளிக்கு ஓடிச்சு.

கடைசியா, என் வயசுல, இருபதுகள்ல இருக்கிற பெண்களுக்கு ஒரு வேலை. உங்க அம்மாகிட்ட, முடிஞ்சா பாட்டிகிட்டயும், எந்த வயசுல நின்னதுன்னு கேளுங்க. தானா நின்னதா, ஆபரேஷனாலயான்னும் கேளுங்க. அம்மாவுக்குச் சீக்கிரம் நின்னிருந்தா மகளுக்கும் அப்படி ஆக வாய்ப்பு கூடுதல். குழந்தை எப்போங்கிற முடிவுக்கும்கூட அந்த நம்பர் உதவும். கேட்டு வர்ற நம்பரை எங்கயாவது எழுதி வையுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.